ஆறாவது பெட்டி

லண்டனுக்கு நான் எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியல் என் நாட்குறிப்பில் இருக்கிறது. சட்டை ஆறு. கம்பளிச் சட்டை இரண்டு, அதில் ஒன்று இரவல். அல்வா இரண்டு கிலோ. இரத்த அழுத்த மாத்திரை பதினான்கு. பழைய நாட்குறிப்பு ஒன்று. இந்தக் கடைசிப் பொருளைப் பெட்டியில் வைத்தபோது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், மேடையில் பேசும்போது தேதியும் நேரமும் பிசகக்கூடாது என்பது.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் நூலகர். வயது ஐம்பத்தாறு. சோவியத் நாடு உடைவதற்குக் கொஞ்சம் முன்னால், இருபத்திரண்டு வயதில், எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். அப்போது நாங்கள் திரையிட்ட ஒரு சோவியத் பேய்ப் படத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒரு சிற்றிதழில் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ எழுதினேன். ஒன்றும் யார் நினைவிலும் நிற்கவில்லை. அந்தக் கட்டுரை மட்டும் நின்றது. குறிப்பாக அதன் கடைசி இரண்டு வாக்கியங்கள்: 'கதவு திறக்கவில்லை. திறக்காத கதவைவிடப் பெரிய பேய் கிடையாது.'

லண்டனில் வால்தம்ஸ்டோ பகுதியில் இருக்கும் ஜெறோம் அந்த வாக்கியங்களை மனப்பாடமாக வைத்திருந்தார். இலங்கையில் மன்னார்க்காரர். பிரான்சில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பேருந்து ஓட்டுகிறார். மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நண்பர்களைக் கூட்டிப் படம் போடுகிறார். அந்தப் பழைய படம் இப்போது தூசு தட்டிய நல்ல பிரதியாகக் கிடைத்திருக்கிறது, நீங்கள் வந்து பேச வேண்டும், உங்கள் கட்டுரையைச் சிறு நூலாகப் போடுகிறோம் என்று எழுதியிருந்தார். நான் போனேன்.

செவ்வாய்

வீடு வந்து சேர்ந்தபோது காலை பத்தே கால். ஒன்பது டிகிரி. ஜெறோமின் மனைவி றெஜினா இடியப்பமும் சொதியும் சம்பலும் மீன்குழம்பும் வைத்திருந்தார். எங்கள் ஊரிலும் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு உண்டு. ஆனால் அது கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. காய்கறி நிறைந்து, இஞ்சிப் பச்சடியோடு வரும். இங்கே அது சாதாரண நாளில், தண்ணீர்போல மெல்லியதாக, இடியப்பத்தை நனைப்பதற்காக மட்டும் வருகிறது. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதில் தவறில்லை என்று குறித்துக்கொண்டேன்.

"கூச்சப்படாமல் வடிவாச் சாப்பிடுங்கோ அண்ணை" என்றார் றெஜினா.

எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. வடிவு என்றால் அழகு. அழகாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, விரல் நுனிகளால் மட்டும் எடுத்து, சிந்தாமல் இரண்டு இடியப்பம் சாப்பிட்டுக் கை கழுவினேன். றெஜினாவின் முகம் வாடிவிட்டது. "சாப்பாடு பிடிக்கேல்லைப் போல" என்று உள்ளே போய்ச் சொன்னது காதில் விழுந்தது. ஏன் என்று விளங்கவில்லை. அந்தச் சொல்லை மட்டும் நாட்குறிப்பில் அடிக்கோடிட்டேன்.

சாப்பிட்டதும் ஜெறோம் சிறுநூல் கட்டைப் பிரித்தார். அறுபது பிரதி. பின்னட்டையில் அந்த இரண்டு வாக்கியங்கள். சுவரொட்டியிலும் அவையே, மூடிய கதவு ஒன்றின் படத்தின் மேல். அவருடைய மகள் நிலானி வரைந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாத அந்தப் பெண், எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். "அங்கிள், ஏதும் காலோ கொம்போ விடுபட்டிருக்கா?" என்பது அவள் கேட்டதன் பொருள். விடுபடவில்லை. ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தது.

இந்தச் சுவரொட்டி எனக்குப் புதிது இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே ஜெறோம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "வசனம் சரிதானே அண்ணை?" என்று கேட்டிருந்தார். அப்போது அதில் 'திறக்க வில்லை' என்று பிரித்துப் போட்டிருந்தார்கள். சேர்த்து எழுதுங்கள், மற்றபடி பிழை இல்லை என்று பதில் அனுப்பினேன்.

பிழை வேறு இடத்தில் இருந்தது. அது எனக்குத் தெரியும். பழைய நாட்குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'வந்தது 6 பெட்டி. ஓடியது 5.'

நடந்தது இதுதான். படச்சுருள்கள் சென்னையிலிருந்து ரயிலில் தகரப் பெட்டிகளில் வரும், பெட்டிக்கு ஒரு சுருள். அன்று ஐந்தாவது பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்காரர் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். மறுநாள் அங்கே அவர் வீட்டுக் கல்யாணம். பந்தல்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள், உடனே காலி செய்ய வேண்டும் என்றார். திரையில் ஒரு மூடிய கதவு. அதன் பிடியில் ஒரு கை. சுருள் அங்கே தீர்ந்தது. நான் விளக்கைப் போடச் சொல்லி, முன்னால் போய் நின்று, "படம் முடிந்தது. நன்றி" என்றேன். ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. பிறகு கை தட்டினார்கள். அந்த மௌனம் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. ஐந்து நாள் கழித்து அதைப் பற்றித்தான் எழுதினேன். ஆறாவது பெட்டியைத் திறக்காமலே சென்னைக்கு அனுப்பினேன்.

புதன்

ஜெறோமுக்கு ஷிப்ட் மதியத்துக்கு மேல். காலையில் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். நீளமான தெரு. பாதி கடைகளில் கைப்பெட்டி விற்கிறார்கள். இவ்வளவு பேர் எங்கே கிளம்புகிறார்கள் என்று கேட்டேன்.

"கிளம்புறதுக்கில்லை அண்ணை. வந்து இருக்கிறதுக்கு" என்றார்.

ஒரு கடையில் நின்று தேநீர் குடித்தோம். படத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். அவர் இன்னும் பார்க்கவில்லையாம். தமிழ்க் கீழெழுத்தோடு பிரதி அவர் கணினிக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமை எல்லாரோடும் சேர்ந்துதான் பார்ப்பது என்று வைத்திருந்தார். "கட்டுரையிலை சொன்ன மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு மேல வேண்டாம்" என்றார். அதற்கு மேல் என்னிடமும் இல்லை.

சொன்னேன். எங்கள் சங்கத்தில் அதற்குச் 'சதுப்பு மாளிகை' என்று பெயர் வைத்திருந்தோம். புரட்சிக்குப் பிறகு, பிரபுக்கள் ஓடிப்போன ஒரு மாளிகையில் இருக்கும் பொருள்களைக் கணக்கெடுக்க அரசாங்க அதிகாரி ஒருவர் வருகிறார். சுற்றிலும் சதுப்பு நிலம், மூடுபனி. நாற்காலி, கண்ணாடி, கடிகாரம் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். களைத்துப்போய், தாழ்வாரத்தின் கடைசி அறையைத் திறக்காமலே 'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் காலையில் பட்டியலில் இல்லாத ஒரு கரண்டி மேசையில் இருக்கிறது. அடுத்த நாள் ஒரு மெழுகுவர்த்தித் தண்டு. அதற்கடுத்த நாள் ஒரு குழந்தையின் செருப்பு. கடைசியில் அவர் அந்தக் கதவின் முன்னால் வந்து நிற்கிறார்.

"அவ்வளவுதான்?"

"அவ்வளவுதான்."

ஜெறோம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்குப் பத்தொன்பது வயசு, அண்ணை. மன்னாரிலை ஒரு ஃபாதரின்ரை அலுமாரிக்குள்ளை உங்கடை கட்டுரை இருந்த புத்தகம் கிடந்தது. அந்த நேரம் எங்கடை வீட்டுக் கதவை ஆர் தட்டினாலும் அம்மா திறக்க மாட்டா. நாங்கள் மூச்சு விடாமல் இருப்பம். பயம் எண்டாலே உதுதான் எண்டு நீங்கள் எங்கேயோ திருநெல்வேலியிலை இருந்து எழுதியிருக்கிறீங்கள். வாசிச்சுப் போட்டு அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான்."

நான் கடைக்காரரிடம் சர்க்கரை கேட்டேன். எனக்குச் சர்க்கரை ஆகாது.

அந்தக் காலத்துச் சோவியத் பேய்ப் படங்கள் ஏன் நம்மைப் பிடித்துக்கொண்டன என்று அன்று பிற்பகல் அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். எங்கள் சங்கத்துக்கு வருகிறவர்கள் சோவியத் படம் என்றால் டிராக்டரை எதிர்பார்த்து உட்காருவார்கள். வந்தது மூடுபனி. நம் ஊர்ப் பேய்க்குக் கொலுசு உண்டு, பாட்டு உண்டு, போன பிறவிக் கணக்கு உண்டு. அங்கே ஒன்றும் இல்லை. ஈரச் சுவர், உளுத்த மரப்படி, அணையப்போகும் மெழுகுவர்த்தி. காமிரா ஒரு காலி நாற்காலியை நாம் சங்கடப்படும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். கடவுளும் இல்லை, பேயும் இல்லை என்று சட்டமாகச் சொல்லிவிட்ட நாட்டில், அந்த நாற்காலியில் யாரோ இருப்பதாகத் தோன்றுவது ஒரு குற்றம் போலக்கூட இருந்தது. அந்தக் குற்றத்தில் பார்வையாளர்கள் எல்லாரும் பங்கு. இதெல்லாம் உண்மை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இதையெல்லாம் ஐந்து பெட்டியை வைத்துக்கொண்டு எழுதலாம். முடிவைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது.

வியாழன்

பிற்பகல் மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் சிறிய சந்திப்பு. கோயில் என்றதும் நான் செருப்பைக் கழற்ற ஆயத்தமானேன். இவர்கள் தேவாலயத்தைத்தான் கோயில் என்கிறார்கள். பதினேழு பேர் வந்திருந்தார்கள். ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த பலகாரங்கள், பெரிய பிளாஸ்க்கில் தேநீர். பத்தொன்பது பிரதிகளில் கையெழுத்துக் கேட்டார்கள், சிலர் வீட்டுக்கும் ஒன்று எடுத்துப்போனதால். ஒவ்வொன்றிலும் பெயரைக் கேட்டு, எழுத்தைச் சரிபார்த்து, 'அன்புடன்' என்று எழுதிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள் எழுந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட், மடியில் ஒரு கோப்பு. பெயர் பவளராணி. சோவியத் நாட்டில் பொறியியல் படித்தவர், இங்கே கவுன்சிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படத்துக்கு ரஷ்ய மொழியிலிருந்து தமிழில் கீழெழுத்து எழுதியவர் என்று ஜெறோம் அறிமுகம் செய்திருந்தார். எல்லாருக்கும் அவர் பவளமக்கா.

"சேர், ஒண்டு கேக்கலாமோ? இந்தப் படத்தை நீங்கள் வடிவாப் பாத்தனீங்களோ?"

அந்தச் சொல் திரும்ப வந்துவிட்டதில் எனக்கு உற்சாகம். "ஆமாம்மா. ரொம்ப வடிவா" என்று தொடங்கினேன். மூடுபனியின் அழகு, நிழலின் அழகு, அதிகாரியின் முகத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம் விழும் அழகு என்று பன்னிரண்டு நிமிடம் பேசினேன். சபை அடக்கமாகக் கேட்டது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். பவளமக்கா கோப்பில் எதையோ குறித்துக்கொண்டு, "சரி சேர்" என்று உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது பேருந்தின் மாடியில் முதல் இருக்கை. ஜெறோம் அன்று பயணி. தான் ஓட்டாதபோது மாடியில்தான் உட்காருவாராம், சின்னப் பிள்ளை மாதிரி.

"அண்ணை, பவளமக்கா கேட்டது ஒண்டு, நீங்கள் சொன்னது ஒண்டு. ஏன் வடிவைப் பற்றியே கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?"

"அவங்க வடிவான்னுதானே கேட்டாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ஐயோ அண்ணை. வடிவா எண்டா இஞ்ச முழுசா, ஒழுங்கா எண்டு அர்த்தம். வடிவாச் சாப்பிடுங்கோ எண்டா வயிறு நிறையச் சாப்பிடுங்கோ எண்டு. அதுதான் நீங்கள் ரெண்டு இடியப்பத்தோடை எழும்ப றெஜினா கவலைப்பட்டவ. பவளமக்கா கேட்டது, படத்தை ஒழுங்கா முழுக்கப் பாத்தனீங்களோ எண்டு. நீங்கள் என்னடா எண்டா, ரொம்ப வடிவா எண்டுறீங்கள்."

அவர் இன்னும் சிரித்தார். "அவவும் விசர்க் கேள்வி கேக்கிறா. பாக்காமலே ஆரும் எழுதுவினமோ?"

பேருந்து ஓட்டுநரான அவரே சிரிப்பில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டார். இரண்டு நிறுத்தம் திரும்பி நடந்தோம். மழை தூறியது. பதினேழு பேர் முன்னிலையில், முழுவதும் பார்த்தாயா என்று நேராகக் கேட்கப்பட்டு, ஆம், மிகவும் முழுவதும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். சொல் தெரியாததால் வந்தது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முயன்றேன். சொல் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்டுக்கொண்டதும் சமாதானம் நின்றுபோயிற்று.

வெள்ளி

பவளமக்காவிடம் நேரில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஓர் அட்டையில் நான்கு குறிப்பாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் வீடு எட்மண்டனில். பாதி வழியில் பேருந்து நின்றது. இந்தப் பேருந்து இதோடு முடிகிறது என்று ஒரு பெண்குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. எல்லாரும் முணுமுணுக்காமல் இறங்கினார்கள். எங்கள் ஊரானால் ஓட்டுநர் இதற்குள் தம் வம்சம் முழுவதையும் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். எட்மண்டன் வரை போகும் என்று போட்டிருந்ததே என்றேன் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பாட்டியிடம்.

"போட்டிருப்பார்கள் கண்ணே. அதெல்லாம் நம்பலாமா?" என்றார் அவர்.

நாற்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது மாடி. பவளமக்கா இஞ்சித் தேநீரும் முறுக்கும் வைத்தார். நான் அட்டையை எடுப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார்.

"சேர், நேற்றுக் கேட்டதுக்குக் குறை நினைக்காதேங்கோ. நான் ஹொஸ்டலிலை இருக்கேக்கை இந்தப் படத்தை நாலு தரம் பாத்தனான். ஒரு அறையிலை நாலு பெட்டையள். பகல் முழுக்க வகுப்பிலை, பேய் பிசாசு ஒண்டும் கிடையாது, எல்லாம் மூடநம்பிக்கை. பின்னேரம் தியேட்டரிலை உந்தப் படம் எண்டா வரிசை நிக்கும். மாஸ்ரரும் வருவார், அவருக்கு முன்னாலை நாங்கள் குனிஞ்சு ஒளிப்பம்."

"அவ்வளவு பயமா இருக்குமா?"

"பயத்துக்கில்லை சேர். அங்க பேய்ப் படம் எடுக்க விடவேணும் எண்டா, ஒண்டில் பழைய கதையா இருக்கவேணும். இல்லாட்டி முடிவிலை, பேயில்லை, மனிசர்தான் எண்டு காட்டவேணும். அதாலை எங்களுக்குக் கடைசி இருபது நிமிசம்தான் உயிர். கெட்டிக்காரன் எண்டா மனிசர் எண்டு காட்டியும் பயத்தைக் குறைக்க மாட்டான். கூட்டிப்போடுவான்." அவர் என் முகத்தைப் பார்த்தார். "இந்தப் படத்திலை கதவு திறக்குது, சேர்."

முறுக்கு வாயில் நின்றது. கை சட்டைப் பைக்குப் போனது. அட்டை விரலில் தட்டுப்பட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தியாவுக்கு அனுப்பின பிரதி வெட்டினதா இருந்திருக்கும் போல. அப்பிடி நடக்கிறதுதானே. நாளைக்கு நான் வேணுமெண்டா அப்பிடிச் சொல்லிவிடுறன். ஜெறோமுக்கும் கஷ்டமா இருக்காது."

"இருக்கலாம்" என்றேன்.

என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது அந்த ஒரு சொல்தான், நேரத்தோடு. பிற்பகல் 12.50. அட்டையை எடுக்காமலே மாடி இறங்கினேன். திரும்பும் பேருந்து போட்டிருந்த இடம்வரை ஒழுங்காகப் போயிற்று.

சனி

மதியம் ஒன்றரை மணிக்கே மண்டபம் நிறைந்தது. அறுபதுக்குமேல் இருப்பார்கள். ஈஸ்ட்ஹாம் பக்கமிருந்துகூட வந்திருந்தார்கள். றெஜினா புதுச் சேலை. நிலானி வாசலில் நின்று, வந்தவர்களிடம் சுவரொட்டியைக் காட்டி அந்த இரண்டு வாக்கியங்களையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'ற' அவளுக்கு வரவில்லை. மற்றதெல்லாம் சரி.

ஜெறோம் என்னை அறிமுகம் செய்தார். எனக்கு ஐந்து நிமிடம். நான் எழுந்து நின்று மூடுபனியைப் பற்றிச் சொன்னேன், ஈரச் சுவரைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "இந்தியாவுக்கு வந்த பிரதி கொஞ்சம் குறைவானதுன்னு நினைக்கிறேன்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். முன்வரிசையில் பவளமக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் எனக்காகச் சொல்வதாக இருந்த பொய்யை நானே சொல்லிவிட்டேன்.

விளக்கு அணைந்தது.

முப்பத்து நான்கு வருடத்துக்குப் பிறகும் ஒவ்வொரு காட்சியும் எனக்கு நினைவிருந்தது. கரண்டி. மெழுகுவர்த்தித் தண்டு. செருப்பு. கதவு. பிடியில் கை. என் கடிகாரத்தில் எழுபத்தெட்டு நிமிடம். அங்கேதான் நான் விளக்கைப் போடச் சொன்னேன். பக்கத்தில் ஜெறோம் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது கேட்டது. படம் அங்கே முடியும் என்று காத்திருந்தார்.

கதவு திறந்தது.

உள்ளே ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். பேயில்லை. அந்த வீட்டு வேலைக்காரி. ஓடிப்போனவர்கள் அவளை உள்ளே வைத்து, வெளியே தாழ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவருக்குள் ஒரு சிறிய பொந்து, உணவுத் தட்டு அனுப்புவதற்கானது, அதிகாரியின் மேசையருகே திறப்பது. அதன் வழியாக இரவில் ஒவ்வொரு பொருளாகத் தள்ளியிருக்கிறாள். தன்னிடமிருந்த கரண்டியை, தன்னிடமிருந்த மெழுகுவர்த்தித் தண்டை, பிறகு வேறெதுவும் இல்லாமல், என்றோ இறந்த தன் குழந்தையின் செருப்பை. பட்டியல் போடுகிற மனிதன் இதைப் பார்த்தாவது, இங்கே ஒருவர் இருப்பதைத் தெரிந்துகொள்வான் என்று. சன்னல் உடைந்து அவள் மடியில் பனி விழுந்திருக்கிறது. அவள் உயிரோடிருக்கிறாளா என்று படம் சொல்லவில்லை. அதிகாரி பட்டியலைத் திறக்கிறார். 'காலி' என்று எழுதிய இடத்தைத் தேடுகிறார். அவருடைய பேனாவில் மை உறைந்திருக்கிறது. மையை உருக்குவதற்காகப் பேனாவை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஊதிக்கொண்டே இருக்கிறார். படம் முடிகிறது.

தொண்ணூற்றாறு நிமிடம். நான் விட்டது பதினெட்டு.

விளக்கு வந்தது. யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஜெறோம் என் பக்கம் திரும்பாமல் எழுந்து மைக்கை எடுத்தார். "அண்ணை, ஏதாவது சொல்லுங்கோ."

நான் மைக்கை வாங்கினேன். "நான் இன்னைக்குத்தான் இந்தப் படத்தை வடிவா பார்த்தேன்" என்றேன்.

கை தட்டினார்கள். இந்தியாக்காரர் எங்கள் சொல்லைச் சரியான இடத்தில் போட்டுவிட்டார் என்ற சிரிப்பும் கலந்திருந்தது. பெரியவர் அடக்கமாகப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். நல்ல இடத்தில் நின்றுவிட்டேன் என்று உடம்பு சொல்லியது. மைக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பவளமக்கா மட்டும் தட்டவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கிழவியைப் போல உட்கார்ந்திருந்தார்.

"தட்டாதீங்க" என்றேன். "நான் உண்மையாகவே சொல்றேன். பிரதி குறைவில்லை. ஆறு பெட்டி வந்தது. அஞ்சுதான் ஓட்டினோம். மண்டபத்தைக் கல்யாணத்துக்குக் கேட்டாங்க. படம் முடிஞ்சதுன்னு சொன்னது நான். கதவு திறக்கலைன்னு எழுதினதும் நான். அதுக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒரு பெட்டி மிச்சம் இருந்தது தெரியும். வியாழக்கிழமை இந்த அக்கா கேட்டாங்க. நேத்து வீட்டுக்குப் போயும் சொல்லலை. படம் தொடங்கறதுக்கு முன்னாலகூட உங்ககிட்டே பொய்தான் சொன்னேன்."

பின்னால் சூடேற்றும் குழாய் டக் டக் என்றது. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து ஒரு முதியவர் கேட்டார்: "தம்பி, அப்ப அந்தக் கலியாணம் நல்லபடியா நடந்ததோ?"

சிலர் சிரித்தார்கள்.

"நடந்தது ஐயா."

"உமக்குச் சாப்பாடு தந்தவையோ?"

"மறுவீட்டுக்கும் கூப்பிட்டாங்க. சொதி சாப்பிட்டேன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். "வடிவாச் சாப்பிட்டிருப்பீர்" என்றார் முதியவர். அந்தச் சிரிப்பு என்னைக் காப்பாற்ற வந்தது என்று தெரிந்தது. நானும் சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஜெறோம் சிரிக்கவில்லை. மைக்கின் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்தரைக்குள் எல்லாரும் போய்விட்டார்கள். மண்டபத்தின் சமையலறையில் ஜெறோம் மிஞ்சிய ரோல்ஸை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"வசனம் சரியோ எண்டு உங்களைக் கேட்டனான், அண்ணை. ரெண்டு மாசத்துக்கு முதல்."

"கேட்டீங்க."

"சேர்த்து எழுதச் சொன்னனீங்கள்."

அலுமினியத் தாளின் சுருளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் பிழை பிடிக்கிறதுக்குக் கதைக்கேல்லை. அம்மா செத்த வருசம் மகளுக்கு அந்த வசனத்தைச் சொல்லிக் குடுத்தனான். அப்பம்மா கதவு திறக்காமல் எங்களை எப்பிடி வைச்சிருந்தவ எண்டு விளங்கப்படுத்த. இண்டைக்குப் படத்தைப் பாத்தா..." அவர் ஒரு ரோலைத் திரும்பத் திரும்பச் சுற்றினார். "எங்கடை கதவுக்கு வெளியாலை ஆர் நிண்டு தட்டினவை எண்டு ஒரு நாளும் யோசிக்கேல்லை. உதவி கேட்டு வந்தவையாயும் இருந்திருக்கலாம்."

உள்ளே நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. நிலானி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கதவோரத்தில் மிஞ்சிய சிறுநூல்கள் அட்டைப் பெட்டியில் இருந்தன. வியாழக்கிழமை போனவை போக, நாற்பத்தொன்று. படம் பார்க்க வந்தவர்களில் ஒருவரும் எடுத்துப்போகவில்லை. நான் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்து, பேனாவை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு வாக்கியங்களை ஒரு கோட்டால் அடித்து, கீழே எழுதினேன்: 'கதவு திறக்கிறது. இதை எழுதியவர் அதைப் பார்க்காமல் எழுதினார்.' பின்னட்டையிலும் அடித்தேன். ஒன்று முடிய ஒன்றரை நிமிடம். ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை 'அன்புடன்' எழுதிக் கொடுத்த பத்தொன்பதும் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது.

ஆறோ ஏழோ முடித்திருப்பேன். ஜெறோம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மேலே இருந்ததை எடுத்தார். வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"கையெழுத்துப் போடேல்லை" என்றார்.

வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் திருப்பித் தரவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்து, அடுத்த பிரதியைப் பிரித்து, கடைசிப் பக்கம் வரும்படி என் முன்னால் வைத்தார்.

"திகதியும் போடுங்கோ அண்ணை."

"எழுதின தேதியா?"

"இல்லை. படம் பாத்த திகதி."

அன்றைய தேதியைப் போட்டேன்.